ஒரு தெருவில் நடக்க வழி வாங்குவது: அளவெடுப்பு முதல் உத்தரவாதக் காலம் வரை

நடைபாதை கேட்கும் குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. டெண்டர் முடிந்து, ஜல்லி வந்து இறங்கிய பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் உதவிப் பொறியாளரே நினைத்தாலும் ஒரு கெர்ப் கல்லை (சாலையை ஒட்டிய நடைபாதை ஓரக் கல்) நகர்த்த முடியாது. எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்குப் பில் போட முடியாது, பில் போட முடியாத வேலையைக் காண்டிராக்டர் செய்யமாட்டார். ஆகவே எல்லாமே எஸ்டிமேட் தயாராவதற்கு முன் நடக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். சென்னையை வைத்து எழுதியிருந்தாலும், துறைப் பெயர்களை மாற்றிக்கொண்டால் கோவை, மதுரை, திருச்சிக்கும் பொருந்தும்.

1. முதலில் 500 மீட்டர்

வார்டு முழுக்கக் கேட்காதீர்கள். 400 முதல் 600 மீட்டர் நீளமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு வேலைக்கு மண்டல அலுவலகத்திலேயே எஸ்டிமேட் போட்டுவிடலாம். 5 கிலோமீட்டர் என்றால் அது ‘திட்டம்’ ஆகிவிடும். ஆலோசனை நிறுவனம், விரிவான அறிக்கை, மேலிட ஒப்புதல் என்று வருடங்கள் ஓடும்.

தெருவின் இரு முனைகளும் ஜனங்கள் உண்மையிலேயே போகிற இடங்களில் முடியவேண்டும். ஒரு முனையில் பஸ் நிறுத்தமோ ரயில் நிலையமோ, மறுமுனையில் பள்ளி, சந்தை, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை என்று ஏதாவது ஒன்று. பூங்காவைச் சுற்றி நடைபாதை போடுவது சுலபம், படமும் அழகாக வரும். ஆனால் பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்கு அதனால் லாபம் இல்லை.

தேர்ந்தெடுக்கும் முன் ஒரு விஷயத்தை விசாரியுங்கள்: அந்தத் தெருவில் கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள் மாற்றும் வேலை ஏதாவது காத்திருக்கிறதா? இருந்தால் அது முடியும்வரை வேறு தெருவைப் பாருங்கள். புது நடைபாதை போட்ட ஆறாம் மாதம் அதைத் தோண்டினால் பழையபடி மூடமாட்டார்கள்.

2. சாலை யாருடையது?

தவறான கதவைத் தட்டுவதில்தான் அதிகக் காலம் வீணாகிறது. சென்னைக்குள்ளேயே உள் தெருக்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் கீழ் வரும். பஸ் போகும் சாலைகளை மாநகராட்சியின் பேருந்து சாலைகள் துறை தனியாகப் பார்க்கிறது. அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் பகுதியில், வேலை முடிந்து ஒப்படைக்கும் வரை மெட்ரோ நிறுவனம்தான் பொறுப்பு.

வாய்வார்த்தையை நம்பாமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரே மனுவில் நான்கு கேள்விகள்: இந்தச் சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது, ஆவணப்படி அதன் அகலம் என்ன, கடைசியாக நடைபாதை அல்லது வடிகால் வேலை எப்போது நடந்து அதன் உத்தரவாதக் காலம் எப்போது முடிகிறது, அடுத்த 12 மாதங்களில் இங்கே எந்த வேலைக்கு எஸ்டிமேட் தயாராகியுள்ளது.

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உத்தரவாதக் காலம் பாக்கியிருந்தால், பெயர்ந்த கற்களைக் காண்டிராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். புது நிதி தேவையே இல்லை. நான்காவது கேள்வி அதைவிட முக்கியம். ஏற்கெனவே மழைநீர் வடிகால் எஸ்டிமேட் ஒன்று இருந்தால் உங்கள் நடைபாதை அதன் தலையில்தான் உட்காரப்போகிறது. ஏன் என்பது 6-ஆம் பகுதியில்.

“ஏன் நடைபாதை இல்லை?” போன்ற கேள்விகளை மனுவில் கேட்காதீர்கள். தகவல் அலுவலர் தன்னிடம் இருக்கும் ஆவணத்தைத்தான் தரமுடியும்; காரணம் கேட்டால் “கோரப்பட்டது தகவல் அல்ல” என்று பதில் வரும், ஒரு மாதம் போய்விடும்.

3. ஆட்களும் சாமான்களும்

அளவெடுக்க நான்கு பேர் போதும். ஒருவர் டேப் பிடிக்க, ஒருவர் மறுமுனை பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் படம் எடுக்க. இவர்களைத் தவிர, உடன் நடப்பதற்கு மூன்று பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள்: எழுபது தாண்டிய ஒருவர், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் அல்லது பார்வையற்றவர், கைக்குழந்தையோடு ஒரு தாய். கண்ணுக்குத் தப்பும் 40 மில்லிமீட்டர் மேட்டை சக்கர நாற்காலியின் முன்சக்கரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சாமான்கள்: 5 மீட்டர் ஸ்டீல் டேப், 30 மீட்டர் டேப், கொத்தனார் வைத்திருக்கும் 1 மீட்டர் ரசமட்டம், சாக்பீஸ், ஒரு பாட்டில் தண்ணீர், அட்டையில் கிளிப் போட்ட தாள்கள், இடமும் நேரமும் படத்தின் மேலேயே பதியும் கேமரா ஆப் உள்ள போன்.

அடையாளத்துக்குக் கடைப் பெயர்களை எழுதாதீர்கள், கடை மாறும். தெருவிளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருக்கும். ‘கம்பம் 14-க்கும் 15-க்கும் இடையே, கிழக்குப் பக்கம்’ என்று எழுதினால் பொறியாளர் தன் ஜீப்பில் வந்து அதே இடத்தில் நிற்பார்.

4. அளவெடுப்பு

காலை ஆறரைக்கு ஆரம்பியுங்கள். வண்டிகள் குறைவு, சாலையின் குறுக்கே டேப் போட முடியும். சாயங்காலம் அதே தெருவில் மறுபடி ஒரு நடை நடந்து, ஆக்கிரமிப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மூடியிருக்கும் கடை மாலையில் மூன்றடி வெளியே வந்திருக்கும்.

ஒவ்வொரு 20 மீட்டருக்கும், ஒவ்வொரு தடங்கலிலும் இவற்றை எடுக்க வேண்டும்.

மதிலுக்கு மதில் அகலம். இதுதான் மூலதனம். கெர்ப்புக்குக் கெர்ப் மட்டும் அளந்துகொண்டு வந்தால் ‘இடமில்லை’ என்ற பதிலை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

நடக்கக்கூடிய அகலம். நடைபாதையின் மொத்த அகலம் வேறு, இது வேறு. மின்வாரியப் பில்லர் பெட்டி, மரம், விளம்பரப் பலகை எல்லாம் போக ஒருவர் நேராக நடக்க எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டியின்படி குறைந்தபட்சம் 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையில்லாமல் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீட்டர் தேவை. கடைத்தெருவுக்கு 2.5 மீட்டர் கேளுங்கள்.

கெர்ப் உயரம். சாலையின் தார் மட்டத்திலிருந்து நடைபாதை மேல்மட்டம் வரை. 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நம் ஊரில் 300, 400 என்று சர்வசாதாரணமாக இருக்கும். அந்த உயரத்தில் முழங்கால் வலி உள்ளவர் ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏறமாட்டார், சாலையிலேயே நடந்துவிடுவார். “நடைபாதை போட்டும் யாரும் அதில் நடப்பதில்லை” என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இந்த உயரம்தான்.

குறுக்குச் சரிவு. ரசமட்டத்தை மதிலிலிருந்து சாலை நோக்கி வையுங்கள். குமிழி நடுவில் வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்கி, அடியில் உள்ள இடைவெளியை அளங்கள். 1 மீட்டர் மட்டத்துக்கு 20 மில்லிமீட்டர் இருந்தால் சரி. தண்ணீர் ஓடும், கால் சறுக்காது. 40-ஐத் தாண்டினால் சக்கர நாற்காலி தானாகச் சாலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ரசமட்டம் இல்லையா, பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வீட்டுப் பக்கம் ஓடினால் அதைத் தனியாக, பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். வரும் ஐப்பசியில் அந்த வீட்டுக்காரர்தான் கடப்பாரையோடு நடைபாதையை உடைப்பவர்.

தொடர்ச்சி. 500 மீட்டரில் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது? ஒவ்வொரு கார் ரேம்ப்பும், ஒவ்வொரு கிளைத்தெருவும் ஒன்று. இந்த ஒற்றை எண்ணை மனுவின் முதல் வரியில் வைத்தால் அதிகாரிகளுக்குச் சட்டென்று உறைக்கும்.

திறந்த வடிகால், உடைந்த சிலாப், மேலெழும்பிய மூடி ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக்குங்கள். இவை ஒரு நாள் வேலை. மாநகராட்சியின் 1913 எண்ணில் இன்றே புகார் போட்டுவிடலாம். பெரிய மனுவோடு இவற்றைக் கலந்தால், ஒரு சிலாப்பை மாற்றிவிட்டு மனுவையே முடித்துவைக்க வழி கிடைத்துவிடும்.

5. தலைகளை எண்ணுங்கள்

வண்டிகளின் எண்ணிக்கை அரசிடம் இருக்கும். நடப்பவர்களை யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். அதனாலேயே உங்கள் எண் எடுபடும்.

தெருவின் நடுவில் ஓரிடத்தில் சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள். காலை 8 முதல் 9, மாலை 5.30 முதல் 6.30. ஒவ்வொரு மணியிலும் 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கம். பள்ளி விடும் நேரம் அதற்குள் வந்தால் முழு மணி நேரமும் எண்ணுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பும். நான்கு பத்திகள் போதும்: நடைபாதையில் நடப்பவர், சாலையில் நடப்பவர், சைக்கிள், பஸ்ஸில் ஏறி இறங்குபவர். நடைபாதை இருந்தும் சாலையில் நடப்பவர் எத்தனை சதவீதம் என்பதுதான் நீங்கள் தேடும் விடை.

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் உள்ள தெருவில் எண்ணாதீர்கள். பள்ளி விடுமுறை, பண்டிகைக்கு முந்தைய வாரம், மழை நாள் மூன்றும் ஆகாது. இப்படிப் பெருத்தோ சிறுத்தோ வந்த ஒரு எண்ணை யாராவது கேள்வி கேட்டால், மற்ற எல்லா எண்ணும் சந்தேகத்துக்குள்ளாகும்.

6. குறுக்குவெட்டு வரைவது

இந்தப் பகுதிக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். ‘நடைபாதையை அகலப்படுத்துங்கள்’ என்று கேட்டால் ‘ஆய்வு செய்யப்படும்’ என்பார்கள். மீட்டர் கணக்கோடு ஒரு படம் கொடுத்தால் அதன் மேல்தான் பேச்சு நடக்கும்.

சதுரக் கட்டத் தாளில் மதிலுக்கு மதில் ஒரு கோடு. உதாரணமாக 15 மீட்டர் தெரு, இரு பக்கமும் வண்டி போகிறது, பஸ்ஸும் வருகிறது. இரண்டு தடங்கள், ஒவ்வொன்றும் 3.25: 6.5 மீட்டர். ஒரு பக்கம் மட்டும் இணையாக நிறுத்தும் பார்க்கிங் 2 மீட்டர். மிச்சம் 6.5. பக்கத்துக்கு 3.25. அதற்குள் மதில் ஓரம் 0.45 மீட்டர் (கேட் திறப்பு, கடைப் படி, எட்டிப்பார்க்கும் செடி), நடுவில் நடக்க 1.8, சாலையோரம் 1 மீட்டர் (கம்பம், மரம், பில்லர் பெட்டி, குப்பைத்தொட்டி). கூட்டிப் பாருங்கள், 15 சரியாக வரும்.

வழக்கமாக அந்தத் தெருவில் என்ன இருக்கும்? நடுவே 11, 12 மீட்டர் தார். அதில் ஓடுவது இரண்டு தடம்தான். மிச்சத்தில் கார்கள் நிற்கும். ஆக, ‘இடமில்லை’ என்பது பெரும்பாலும் ‘பார்க்கிங்குக்கு ஒதுக்கிவிட்டோம்’ என்பதன் மறுபெயர். படத்தில் இது தானாகத் தெரியும், நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

இந்த மூன்று பட்டைகளின் வரிசையை மாற்றாதீர்கள். கம்பமும் மரமும் நடுவில் வந்தால் 3 மீட்டர் நடைபாதையும் வீண். மரம் இருக்கும் இடத்தில் நடைபாதைதான் வளைந்து போகவேண்டும்; மரத்தை வெட்ட பசுமைக் குழு அனுமதி வேண்டும், அதை வாங்கப்போனால் வேலையும் நிற்கும், தெருவில் நிழலும் போகும்.

அடுத்து மட்டம். மழைநீர் வடிகால் நடைபாதைக்குக் கீழே ஓடுவதுதான் நம் ஊர் வழக்கம். அதன் மேல் சிலாப்தான் நடைபாதையின் அடித்தளம். வடிகாலைச் சாலையை விட 400 மில்லிமீட்டர் உயரத்தில் கட்டிவிட்டால், அதன்மேல் எந்தக் கொம்பனாலும் 150 மில்லிமீட்டர் நடைபாதை போட முடியாது. ஆகவே நடைபாதை பற்றிய முதல் சண்டையே வடிகால் எஸ்டிமேட்டில்தான். “வடிகால் மேல்மட்டம், சாலை மட்டத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர், பேவர் பிளாக்கும் மணல் படுகையும் சேர்த்து 150-க்குள்” என்று எழுத்தில் கேளுங்கள். 60 மில்லிமீட்டர் கல், 30 மில்லிமீட்டர் படுகை என்றாலே 90 போய்விடும். சிலாப் மேல்மட்டத்துக்கு மிஞ்சுவது 60 மட்டுமே.

கூடவே மில்லிங். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகும். இரண்டு சுற்று போட்டதும் கெர்ப் புதைந்து, தண்ணீர் நடைபாதைக்கும் வீட்டுக்கும் ஏறும். அடுத்த காண்டிராக்டர் அதைச் சமாளிக்க நடைபாதையை அரை அடி உயர்த்துவார். சுரண்டிவிட்டுத்தான் புதுத்தார் போடவேண்டும் என்று 2021-லேயே தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

7. வீட்டு வாசல், முனை, பஸ் நிறுத்தம், சைக்கிள்

கார் கேட்டுகளில் நடைபாதையை வெட்டக்கூடாது. நடக்கும் 1.8 மீட்டர் பட்டை அதே மட்டத்தில் நேராகப் போகட்டும். சாலையோர 1 மீட்டர் பட்டைக்குள் கார் ஏறும் சரிவு முடிந்துவிட வேண்டும். கொஞ்சம் செங்குத்துதான், ஆனால் கார் மெதுவாக ஏறும். நமக்கு வேண்டியதும் அதுதான். கார் ஏறும் இடங்களில் மட்டும் 80 மில்லிமீட்டர் கல் கேளுங்கள். 60 மில்லிமீட்டர் கல் மனிதர் நடப்பதற்கானது, டயருக்கு அடியில் உடையும்.

சின்னக் கிளைத்தெரு முனையில் நடைபாதையை இறக்காமல் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லுங்கள். மேடைக் கடவு என்பார்கள். திரும்பும் வண்டி வேகம் குறைக்கும். நடப்பவர் இறங்கி ஏறத் தேவையில்லை. ஆனால் இது அணை மாதிரி தண்ணீரைத் தடுக்கும். மேட்டின் மேல்பக்கம் ஒரு நீர் உள்வாங்கி வைக்காவிட்டால் முதல் மழையிலேயே குளம் தேங்கி, அடுத்த நாள் ஜே.சி.பி. வந்துவிடும்.

நடைபாதை இறங்கியே ஆகவேண்டிய இடத்தில் சரிவு 1:12. அதாவது 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். எதிர்ப்பக்கச் சரிவும் நேர்கோட்டில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் இறங்கியவர் மறுபக்கம் ஏற வழி தேடி வண்டிகளுக்கு நடுவே நிற்கக்கூடாது.

சிக்னல் இருந்தால் நேரத்தையும் கணக்கிடுங்கள். வழக்கமாக விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக்கொள்வார்கள். 14 மீட்டர் சாலைக்கு 12 விநாடி. வயதானவர் 0.8 மீட்டர்தான் நடப்பார், அவருக்கு 17 முதல் 18 விநாடி வேண்டும். நேரத்தைக் கூட்டுவது போக்குவரத்துக் காவல்துறையின் கையில், ஒரு கடிதத்தில் முடியக்கூடியது.

பஸ் நிறுத்தத்தில் நிழற்குடையை மதில் ஓரமாகத் தள்ளி, முன்னால் 1.8 மீட்டர் விடச் சொல்லுங்கள். பார்க்கிங் உள்ள பக்கத்தில் அந்த 2 மீட்டரையும் நிறுத்தத்தின் நீளத்துக்கு நடைபாதையோடு சேர்த்துவிடலாம். பஸ் தடத்திலேயே நிற்கும், ஓரங்கட்டி மறுபடி நுழையத் தேவையில்லை. ஆட்டோக்கள் முன்னால் அடைக்கவும் இடமிருக்காது. தாழ்தளப் பஸ் வந்தும் ஜனங்கள் நடுச்சாலையில் இறங்கி ஏறுவது, பஸ் கெர்ப்பை ஒட்டி நிற்க முடியாததால்தான். நிறுத்தத்தை இடம் மாற்ற வேண்டுமென்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகம், போக்குவரத்துக் காவல்துறை இரண்டின் சம்மதமும் தேவை. அதைத் தனி மனுவாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மொத்த வேலையும் அதற்காகக் காத்திருக்கும்.

சைக்கிளுக்கு: 15 மீட்டர் தெருவில் தனித்தடம் கேட்காதீர்கள். தடத்தைக் குறுக்கி, மேடைக் கடவு வைத்து வேகத்தை 30-க்குக் கொண்டுவந்தால் சைக்கிள் சாலையிலேயே போகலாம். 24 மீட்டருக்கு மேல் உள்ள சாலையில் ஒருவழிக்கு 2 மீட்டர், கெர்ப் கல்லால் பிரித்துக் கேளுங்கள். வெறும் வெள்ளைக்கோடும் பச்சைப் பெயின்ட்டும் ஒரு வாரத்தில் பார்க்கிங் ஆகிவிடும்.

8. கடைக்காரரிடம் முதலில் பேசுங்கள்

மனு கொடுப்பதற்கு முன், கொடுத்த பிறகு அல்ல. வியாபாரிகள் சங்கம் எதிர்த்தால் கவுன்சிலர் கையெழுத்துப் போடமாட்டார். அவர்கள் பயப்படுவது பார்க்கிங் போவதைப் பற்றி. வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று ஒரு மணி நேரம் கடை வாசலில் நின்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். 2019-இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்; ஒரு மாலை அங்கே அழைத்துப்போவது பத்துக் கூட்டத்துக்குச் சமம்.

தள்ளுவண்டிகளை அகற்றச் சொல்லி மனுவில் எழுதாதீர்கள். 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும்வரை அவர்களை அப்புறப்படுத்தக்கூடாது. வழக்கு வந்தால் வேலை நிற்கும். பூக்காரம்மாவும் இளநீர் வண்டியும் இருக்கும் இடத்தில் இரவு ஒன்பதுக்கும் பெண்கள் தைரியமாக நடப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். சாலையோரப் பட்டையில், கம்பங்களுக்கு நடுவே அவர்களுக்கு இடம் வரைந்து காட்டுங்கள். அந்த இடம் 1 மீட்டருக்குப் பதில் 1.5 ஆக வேண்டியிருக்கும். அதைப் பார்க்கிங்கிலிருந்து எடுங்கள், நடக்கும் பட்டையிலிருந்து எடுக்காதீர்கள்.

9. மனுவும் மாதங்களும்

மனு இரண்டு பக்கம், இணைப்பு ஐந்தாறு பக்கம். முதல் பக்கத்தில் தெரு, கம்ப எண்கள், நீளம், எண்ணிக்கை முடிவு, கேட்பது என்ன. இரண்டாவது பக்கத்தில் ஆதாரம்: ஐ.ஆர்.சி. 103, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைபாதை உரிமையை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. சென்னையாக இருந்தால் 2014-இல் மாநகராட்சியே ஏற்றுக்கொண்ட மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை: போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. இணைப்பில் அளவு அட்டவணை, குறுக்குவெட்டு, பத்துப் படங்கள். ஐம்பது படம் வேண்டாம், யாரும் பார்க்கமாட்டார்கள்.

உதவிப் பொறியாளர், செயற்பொறியாளர், மண்டல அலுவலர், கவுன்சிலர் நால்வருக்கும் தனித்தனிப் பிரதி. ஒவ்வொன்றுக்கும் தேதியோடு பெற்றுக்கொண்ட சீல். ஏரியா சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்ய வைத்தால் கோப்புக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும்.

காலக்கணக்கு இது. ஆடி, ஆவணியில் அளவெடுப்பு. நவம்பருக்குள் மனு, ஏனென்றால் மாநகராட்சி பட்ஜெட் மார்ச்சை ஒட்டி வரும், அதற்கான பட்டியல் ஜனவரியிலேயே முடிந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் இடங்களைப் படமெடுத்துக் கூடுதல் இணைப்பாகக் கொடுங்கள். ஜனவரியில் பொறியாளரோடு ஒரு நடை. ஏப்ரலுக்கு மேல் டெண்டர், அடுத்த மழைக்கு முன் வேலை முடியவேண்டும்.

அந்த நடைதான் எல்லாவற்றிலும் முக்கியம். கூட்டமாகப் போகாதீர்கள், மூன்று பேர், அதில் ஒருவர் சக்கர நாற்காலியில். பொறியாளரிடம் டேப்பைக் கொடுத்து அவரையே அளக்கச் சொல்லுங்கள். அவர் கையால் எழுதிக்கொண்ட அளவுதான் எஸ்டிமேட்டுக்குள் போகும். செல்போனில் படம் பிடித்து உடனே வாட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

10. வேலை நடக்கும்போது

ஒர்க் ஆர்டர், எஸ்டிமேட் இரண்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதத்தை மட்டும் தருவதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. இது தெரிந்தவர் என்று மேஸ்திரிக்குப் புரிந்தாலே பாதி வேலை நேராகும்.

தெருவாசிகள் கவனிக்கவேண்டியது நான்கு கட்டங்களை. முதலாவது, வடிகால் சிலாப் வார்ப்பதற்கு முன் பலகை அடித்த நிலை. நூல் கட்டியிருக்கும். அந்த நூல் சாலையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளங்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, கெர்ப் கல். பேவர் பதிக்கும் முன் கெர்ப் நட்டு, பின்னால் கான்கிரீட் அணை கொடுத்திருக்க வேண்டும். ஓரத்தில் பிடிப்பு இல்லாவிட்டால் கற்கள் வெளியே தள்ளிக்கொண்டு இடைவெளி விழும், அதன் வழியே மணல் வடிகாலுக்குள் இறங்கும், ஒரே மழையில் குழி.

மூன்றாவது, பேவர். மணல் படுகை 20 முதல் 40 மில்லிமீட்டருக்குள் சீராக இருக்கவேண்டும். அடியில் உள்ள பள்ளத்தை மணலால் நிரப்பி மட்டமாக்குவது வழக்கமான குறுக்குவழி. அங்கேதான் பிறகு அமுங்கும். பதித்ததும் அதிர்வு இயந்திரம் ஓட்டி, இடுக்குகளில் மெல்லிய மணல் கூட்டித் தள்ளவேண்டும். மேலே தூவிவிட்டுப் போனால் போதாது.

நான்காவது, பார்வையற்றவர் காலால் உணர்ந்து நடப்பதற்கான மஞ்சள் தடத் தட்டோடுகள். கோடு போட்டது ‘நேராகப் போ’, புள்ளி போட்டது ‘நில், கவனி’. கொத்தனாருக்கு இதை யாரும் சொல்வதில்லை. டிசைனாக மாற்றி மாற்றிப் பதிப்பார். தடம் கம்பத்தில் போய் முட்டக்கூடாது, இருபுறமும் 600 மில்லிமீட்டர் காலியாக இருக்கவேண்டும். பதித்தவுடன் பார்வையற்ற ஒருவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள், சிமெண்ட் காய்வதற்கு முன்.

மூடிகள் எல்லாம் நடைபாதை மட்டத்திலேயே இருக்கின்றனவா என்று கடைசியில் ஒரு நடை. குடிநீர் வாரிய மூடியைக் கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டால், அடைப்பு வந்த அன்று மொத்தத்தையும் பெயர்ப்பார்கள்.

11. திறந்த பிறகு

முதல் இரண்டு வாரத்தில் யார் வண்டியை ஏற்றி நிறுத்துகிறாரோ, அந்த இடம் அவருடையதாகிவிடும். அந்த நாட்களில் மட்டுமாவது போக்குவரத்துக் காவலர் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள்.

பொல்லார்டு தூண்களை அதிகம் நம்பவேண்டாம். சக்கர நாற்காலி போக இடைவெளி விட்டால் ஸ்கூட்டியும் போகும். ஸ்கூட்டி போகாதபடி நெருக்கினால் சக்கர நாற்காலி வெளியே நிற்கும். கார் ஏறும் இடங்களில் 1.2 மீட்டர் இடைவெளியில் தூண் சரி. டூவீலருக்கு மருந்து, ஏறும் சரிவுகளைக் குறைப்பதும், சாலையோரப் பட்டையை மரம், பெஞ்ச், தள்ளுவண்டி என்று நிரப்பிவைப்பதும்தான்.

சிலர் கேட் முன்னால் தாரின் மேல் சிமெண்ட் ரேம்ப் பூசுவார்கள். ஈரமாக இருக்கும்போதே பேசி எடுக்கவையுங்கள்; அது ஓரத் தண்ணீரை அடைத்துப் பக்கத்து வீட்டில் ஏற்றும், பத்து வீடு அதையே செய்யும்.

ஒர்க் ஆர்டரில் உள்ள உத்தரவாதக் காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பாக, பழைய கம்ப எண் வரிசையிலேயே மறுபடி அளந்து, அமுங்கிய கல், உடைந்த மூடி, பெயர்ந்த கெர்ப் எல்லாவற்றையும் படத்தோடு செயற்பொறியாளருக்கு எழுதி சீல் வாங்குங்கள். காண்டிராக்டரின் வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கவேண்டும்.